மூன்று ஐந்துக்கு வந்த கோப்பு

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இது நடந்தது. எனக்கு நடந்தது. 2002 ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை. இரவுகூட இல்லை, பகல்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அப்போது எனக்கு மூன்றாவது வருடம். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் குவார்ட்டர்ஸுக்குப் போக எனக்குப் பிடிக்காது. அங்கே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, என் மூச்சுச் சத்தம். அதனால் கணினி அறையிலேயே இருந்துவிடுவேன். ஒரேயொரு பழைய கணினி. பக்கத்தில் யாரோ இருப்பதுபோல அது உறுமிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு வேலையும் இருந்தது. சாதாரணதரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஐந்து மணிக்குப் பாடசாலை அதிபர் ஹட்டனுக்குக் கொண்டுபோவார். அதுவே கடைசி நாள். இருபத்திமூன்று பெயர்களை அடித்து முடித்திருந்தேன். இருபத்திநான்காவது பிரியந்தி. கெட்டிக்காரி. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளிக்கூட இடாப்பில் அவள் பிறந்த நாள் ஜனவரி ஒன்று. சான்றிதழ் இல்லாத எல்லாப் பிள்ளைகளுக்கும் நாங்கள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம்.

அதற்கு முதல்நாள் அவள் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேர மட்டும் போட்டு வைங்க டீச்சர். நாளைக்கி கினிகத்தேனைப் பதிவுக் கந்தோருக்குப் போயி சர்ட்டிபிகட்ட எடுத்தாந்துர்றேன்."

"நீ முதல் அதைக் கொண்டு வா. பிறகு போடுறன்."

"பொறந்தவ கண்ணு முன்னுக்கு நிக்கிறேன். பொறந்ததுக்கு அத்தாட்சி கேக்குறீங்களே!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். பெயரை மட்டும் போடவில்லை.

வெள்ளி காலையிலிருந்து மழை. மூன்று மணிக்குப் பனி வந்து ஜன்னலை மூடியது. சரியாக மூன்று ஐந்துக்கு மேலே மலைப்பக்கம் ஒரு சத்தம். லொறியிலிருந்து மூட்டைகளை இறக்கிப் போட்டதுபோல... தொம். ஒரே தடவை. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது.

பட்டியலைப் பிளொப்பியில் ஏற்றுவதற்கு முன் நான் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஹட்டனில் கணினி வகுப்பு எடுத்தவர் சொல்லித் தந்தது. கணினியின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடத்தைத் திறந்து, அவற்றைத் திகதிப்படி அடுக்கிப் பார்க்க வேண்டும். எல்லாம் பழைய திகதியில் இருக்கும். தெரியாத பெயரில் புதிதாக ஒன்று நின்றால் வைரஸாக இருக்கலாம்.

ஒன்று நின்றது.

பெயர் முழுக்க எண்கள். இன்றைய திகதி. நேரம் 3.05.

அந்த நேரத்தில் நான் விசைப்பலகையைத் தொடவே இல்லை.

அதிபரின் அறைக்குப் போய், கொழும்பில் கணினிக் கடையில் வேலை செய்யும் தம்பி ஜெயதீபனைத் தொலைபேசியில் பிடித்தேன். 3.20.

"அக்கா, இன்ரநெற் இருக்கோ அங்க?"

"விசரே உனக்கு? இஞ்ச கரண்டே ஒழுங்கா இல்லை."

"அப்ப ஆரும் பிளொப்பி போட்டவையோ?"

"ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்."

"அப்ப திறக்காதை. லிஸ்ற்றைத் திண்டிடும். அழிச்சுப் போடு." கொஞ்சம் நிறுத்தினான். "அக்கா, சாப்பிட்டியோ?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்பி வந்தேன். கோப்பின் அளவு கூடியிருந்தது. நேரம் மட்டும் அதே 3.05.

வராந்தாவில் ஈரக் காலடி. சளக்... சளக்...

"ஆர் அது?"

எட்டிப் பார்த்தேன். பனி. சிமெந்துத் தரை காய்ந்துதான் கிடந்தது.

உடனே அழித்திருக்க வேண்டும். திறந்தேன். ஏன் திறந்தேன் என்று எத்தனையோ வருடம் யோசித்துவிட்டேன். யாரோ வந்திருக்கிறார்கள், யாராக இருந்தாலும் சரி என்று எனக்குள் ஏதோ ஏங்கியது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கடைசியில் ஒரே ஒரு வரி, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அது எனக்குப் புதிதல்ல. தமிழில் அடித்ததைத் தமிழ் எழுத்துரு இல்லாமல் திறந்தால் அப்படித்தான் தெரியும். கண்ணால் வாசிக்க முடியாது. ஆனால் அந்த விசைகளில் விரலை வைத்துப் பார்த்தால், அடித்துப் பழகிய விரலுக்குப் புரியும்.

வைத்தேன். அழுத்தாமல், ஒவ்வொன்றாக.

என்... பேரையும்... போடுங்க... டீச்சர்...

பக்கத்தில் ஒரு திகதி. எண்களுக்கு எழுத்துரு தேவையில்லை. 09.03.1986.

ஈர மண் வாசம்.

சளக்.

இம்முறை அறைக்குள்.

நான் திரும்பவில்லை.

அழிக்கும் விசையை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கணினி கேட்டது.

ஆம்.

3.41. வாசம் போய்விட்டது.

ஐந்து மணிக்கு அதிபர் வந்து பட்டியலை வாங்கிப் போனார். இருபத்திமூன்று பெயர். ஆறு மணிக்கு, பாடசாலைக் காவல்காரர் நல்லமுத்து நனைந்துகொண்டு ஓடி வந்தார்.

"டீச்சரம்மா... மேல குறுக்குப் பாதைல மண்ணு சரிஞ்சிருச்சுங்க. நம்ம பிரியந்திப் புள்ள... பஸ்ஸ விட்டு எறங்கி நேரா இங்கதான் வந்திருக்கு. மூணு மணி போல தொம்முன்னு கேட்டுச்சே, அதுதாங்க..."

மறுநாள் அவள் வீடு இருந்த லயத்துக்குப் போனேன். அவள் அம்மா காளியாயி ஒரு பொலித்தீன் பையை என் கையில் வைத்தாள். உள்ளே, ஒரு பொட்டு ஈரம் படாமல், சான்றிதழ்.

"கையில இறுக்கிப் புடிச்சிருந்தாளாம் டீச்சர். அவ பொறந்த தேதி எங்களுக்கே தெரியாதுங்க. கோயில் தேருக்கு முந்துன வாரம் பொறந்தவன்னு மட்டுந்தான் தெரியும். நேத்து காலைலதான் கந்தோர்ல பழைய பொஸ்தகத்துல தேடி எடுத்துக் குடுத்திருக்காங்க."

விரித்தேன். 1986 மார்ச் 9.

காளியாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரப் போட்டுட்டீங்கல்ல, டீச்சர்?"