வலி வலது காலில், முள் இடது காலில்

இன்று காலை கிள்ளான் ஆஸ்பத்திரியில் இரண்டு குதிகாலுக்கும் எக்ஸ்ரே எடுத்தேன். ஒரு வருடமாக வலது குதிகாலை ஊன்றினாலே உயிர் போகிறது.

டாக்டர் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தார். "அங்கிள், லெஃப்ட்லதான் எலும்பு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. ரைட்ல ஒண்ணும் இல்ல."

"லெஃப்ட் வலிக்கவே இல்லையே டாக்டர்."

"அப்படியும் இருக்கும் அங்கிள். படத்துல உள்ள அளவும் வலியும் எப்பவும் ஒத்துப் போகாது."

தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு நாள் முழுக்க நிற்கிற வேலை எனக்கு. உட்கார நாற்காலி கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். படங்களைச் சூப்பர்வைசரிடம் நீட்டினேன்.

வலது காலைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. நடிக்காதீங்க லா."

இடது காலைப் பார்த்ததும் முகம் மாறியது. "இந்தக் காலாண்ணே? முன்னமே சொல்றதுக்கென்ன? நாளைக்கே நாற்காலி போடச் சொல்றேன்."

நான் மறுக்கவில்லை.

பஸ் இறங்கி வீடு வரை இடது காலை நொண்டிப் பார்த்தேன். அப்படி நொண்டினால் முழு எடையும் வலது காலில்தான் இறங்குகிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றவன் நான். வலிக்காத காலை நொண்டத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லிக் கொடுங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு ஷிப்ட்.