ஸ்பெயின் கப்பலைப் பார்த்து நான் கேட்ட கேள்வி

எங்க சரித்திர டீச்சருக்கு ஸ்பெயின் மேல அப்படியொரு மோகம். ஏதோ தாய்வீட்டுப் பெருமை பேசற மாதிரி பேசுவாங்க. அமெரிக்காவுக்குக் கப்பல் போச்சாம், சிலுவை நட்டாங்களாம், காட்டுமிராண்டிங்க எல்லாம் நாகரிகம் கத்துக்கிட்டாங்களாம். சுரங்கத்திலயும் அம்மை நோயிலயும் அந்த ஜனங்க கும்பல் கும்பலா செத்த பக்கம் வந்ததும், "இது பரீட்சைக்கு வராது, திருப்பு"ன்னாங்க. தூ, அதுவும் ஒரு படிப்பு!

அறுபதுகளோட கடைசி அது. தாம்பரத்துல கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். கோவளம் பக்கத்துக் குப்பத்திலேர்ந்து வந்த மீன்காரி மக நான். ஹாஸ்டல்ல இலவச இடம். அது போச்சுன்னா படிப்பும் போச்சு, மீன்கூடை தூக்க வேண்டியதுதான்.

ஆண்டு விழாவுக்கு டீச்சர் நாடகம் போட்டாங்க. செவப்பா இருந்த ஆபீசர் வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் ஸ்பெயின்காரங்க. என்னைப் பார்த்து, "உனக்கு மேக்கப்பே வேணாம், நீதான் செவ்விந்தியத் தலைவன்"னு சிரிச்சாங்க. அட்டைக் கப்பல் வந்து நிக்கும். தளபதி இங்கிலீஷ்ல ஒரு பிரகடனம் படிப்பா, இந்த மண்ணு இனிமே எங்க ராஜாவுக்குன்னு. உடனே நான் மண்டி போடணும். அவ்வளவுதான் என் பார்ட்.

ஒத்திகையில எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். விழாவன்னிக்கு அந்தக் கப்பலைக் கரையில இழுத்ததும் வாய் தானா தொறந்துடுச்சு. எங்க கரையில வேத்தூர்ப் படகு ஒதுங்கினா சின்னக் கொழந்தகூட அதைத்தான் கேக்கும்.

"எந்தக் குப்பம்? யாரக் கேட்டு கரையேத்துன?"

சபை கொல்லுன்னு சிரிச்சுது. தளபதியம்மா பேந்தப் பேந்த முழிச்சா.

மறுநாள் டீச்சர் ஆபீஸ் வாசல்ல என்னை மண்டி போட்டு மன்னிப்பு கேக்கச் சொன்னாங்க. மாட்டேன்னேன். "அப்போ பெட்டியக் கட்டு"ன்னு அம்மாவுக்கு ஆள் அனுப்பினாங்க.

எங்கம்மா லேசுப்பட்டவ இல்ல. மீன் ஏலத்துல ஆம்பளைங்களையே நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேப்பா. இந்த மகராசியையும் கிழிக்கப் போறான்னு சந்தோஷமா காத்திருந்தேன். அம்மா கூடையை வெளியில வெச்சா. முந்தானையில கையைத் தொடச்சா. டீச்சர் முன்னாடி சிமெண்டுத் தரையில மண்டி போட்டா.

"புள்ள தெரியாம பேசிடுச்சு டீச்சரம்மா. இங்கியே இருந்துகினு படிக்கட்டும்."

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. "பாத்தியா, உங்கம்மாவுக்குப் புரியுது."

நானும் அம்மா பக்கத்துல மண்டி போட்டேன். ஹாஸ்டல் இடம் தப்பிச்சுது. அந்தப் பொம்பளைய மட்டும் நான் செத்தாலும் மன்னிக்க மாட்டேன்.