மூச்சைப் பிடிங்க, பதில் சொல்லாதீங்க

ஆட்களை அசையாமல் படுக்க வைப்பதுதான் ஸ்கேன் அறையின் தொழில். அதற்காக நாங்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குழாய்க்குள் படுத்தவர்களுக்கும், வெளியே கதிரையில் காத்திருந்தவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும்.

நான் கண்டி மஹய்யாவக்காரி. ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கைப்பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கண்டி டவுனில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு வேலைக்கு வருகிறேன். ஆட்களுக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பேன், உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று கேட்பேன். புது ஆட்களைக் கண்டால் என் குரல் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

இரும்பு இருக்கா?

வேலைக்கு வந்த புதிதில், கலகெதரயில் இருந்து ஒரு கடை முதலாளி வந்தார். உள்ளே இருப்பது பெரிய காந்தம், அதனால் கேட்டே ஆக வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே, "இரும்பு ஏதும் இருக்குங்களா?" என்றேன். பயத்தில் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கடை நிறைய இருக்கு புள்ள, என்ன சைஸ் வேணும்?"

நடையில் ஒரு கல்யாணம்

போன மழைக்காலத்தில் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் இருந்து புருஷனோடும் மாமியாரோடும் புஷ்பா வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குழந்தையாய் இருக்கும்போதே இதயத்தில் ஒபரேஷன் செய்த பிள்ளை. இப்போது வலப்பக்க இதயம் வீங்கி, கொழுந்துக் கூடையோடு மலை ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறது. அந்தப் பக்கத்து இதயச் சுவரில் தழும்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வால்வு மாற்றுவதைப் பற்றிச் சொல்ல முடியுமாம். பிள்ளை பெறலாமா என்ற பேச்சு அதற்கும் பிறகுதானாம். உடுப்பு மாற்றும்போது அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். எனக்கு என்ன தெரியும்? தலையைத் தடவிவிட்டேன்.

தாலிக்கொடி நெஞ்சில் கிடந்தால் படம் கெட்டுப் போகும். கழற்ற விடமாட்டேன் என்று மாமியார் கதவை மறித்துக்கொண்டு நின்றார். இந்த மாதிரி நேரத்துக்கென்று என் பையில் மஞ்சள் கயிறும் அதில் கட்ட மஞ்சள் கிழங்குத் துண்டும் எப்போதும் இருக்கும். எடுத்து நீட்டினேன். மாமியார் முகம் தெளிந்தது. ஆனால் புருஷன்தான் கட்ட வேண்டும் என்றார். அப்படியே நடையில் வைத்து, கை நடுங்க நடுங்க மகன் கட்டினார். காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கொடி கழுத்தை விட்டு இறங்கியது. படம் எடுக்கிற நிமல் சேர் சிங்களவர், எங்களோடு பழகித் தமிழ் படித்தவர். எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"கல்யாணம் சரி, சாப்பாடு எங்க?"

மைக்

இதயத்தின் வலப்பக்கச் சுவர் மிகவும் மெல்லிசு. நெஞ்சு கொஞ்சம் ஆடினாலும் படத்தில் கரைந்து போகும். அதனால் மூச்சை வெளியே விட்டு அப்படியே பிடிக்க வேண்டும். தழும்பை வெள்ளையாகக் காட்டுகிற மருந்தைக் கையில் ஏற்றியாகிவிட்டது. அது உடம்பை விட்டுப் போவதற்குள் தழும்பைப் பிடிக்க வேண்டும்.

நிமல் சேர் மைக்கில், "மூச்சு விடுங்க, பிடிங்க" என்றார். உள்ளேயிருந்து, "சரிங்க சேர்." படம் கலங்கிப் போனது. மறுபடியும் சொன்னார். மறுபடியும் "சரிங்க சேர்." பதில் பேச வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் "சரிங்க சேர்"தான். தோட்டத்தில் ஒரு சேர் சொல்லும்போது வாய் மூடி இருந்தால் திமிர் என்று அர்த்தம். பாவம், அவள் என்ன செய்வாள்?

சேர் மைக்கை என் பக்கம் தள்ளினார். பிள்ளை பெறலாமா என்று அவள் கேட்டது நினைவில் வந்தது. வாயைத் திறந்தேன். "புஷ்பா, அக்கா பேசுறேன். மூச்ச விடு. அப்படியே பிடி. வாயத் தொறந்த, மாமியாரக் கூட்டிட்டு வந்துருவேன்."

சத்தமே இல்லை. திரையில் இதயம் அச்சடித்த மாதிரி வந்து நின்றது. கறுப்புச் சுவர் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு கீற்று. "அதுதான்!" என்று சேர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். நான் அடுத்த மூச்சு, அடுத்த மூச்சு என்று சொல்லிக்கொண்டே போனேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். எல்லாம் முடிந்தது என்று சொன்னதும் உள்ளேயிருந்து மெதுவாய்க் கேட்டது:

"அக்கா, இப்ப சரிங்கன்னு சொல்லலாமா?"

கயிறு

டொக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டு மூவரும் என்னைத் தேடி வந்தார்கள். தழும்பு பழைய தையல் ஓரத்தில் கொஞ்சம்தானாம், பரவவில்லையாம். வால்வு மாற்றலாமாம். பிள்ளை ஆசையை விட வேண்டாம், ஒபரேஷன் முடிந்து உடம்பு தேறியதும் பேசுவோம் என்றாராம். புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கழுத்தில் தாலிக்கொடியோடு அந்த மஞ்சள் கயிறும் கிடந்தது. ஏன் கழற்றவில்லை என்று கேட்டேன். மாமியார்தான் முந்திக்கொண்டார்:

"ஒபரேஷனுக்கும் கொடியக் கழட்டச் சொல்லுவாங்களாமே. ஒவ்வொரு தடவையும் இவனக் கட்டச் சொன்னா கை நடுங்கியே பொழுது போயிரும்."

இப்போது தமிழ் ஆட்கள் வந்தால் மைக் என் கையில்தான்; ஊரார் இதயத்தையெல்லாம் ஆடாமல் நிற்கச் சொல்கிறேன், என்னுடையது மட்டும் அந்த மைக் பட்டனைத் தொடும்போதெல்லாம் குதிக்கிறது.