மாலையோடு நின்ற கோல்கீப்பர்

பேரனின் போனில் நான்கு பேர் கத்துகிறார்கள். ஏதோ ஒரு கால்பந்து கிளப்பின் பழைய மேனேஜர் திரும்பி வருவாரா, வந்தால் சம்பாதித்த பேர் நிலைக்குமா என்று ஒரு மணி நேரமாகச் சண்டை. கேட்கக் கேட்க, என் மூக்கில் பழைய மல்லிகை வாசமும் ரயில் கரிப்புகையும் கலந்து ஏறின.

ஐம்பதுகளின் கடைசியில், நாகல் நகரில் எங்கள் வீட்டு முன்னறையிலும் இதே பேச்சுதான். எங்கள் டீம் மேனேஜர் சுல்தான் பாய் தோல் வியாபாரத்துக்காக ஆம்பூர் போய் மூன்று வருஷமாகியிருந்தது. "அவரு வந்தா கப்பு நமக்குத்தான்" என்பார் என்னைப் பெத்த அத்தா. கூட்டாளிகள் டீ ஆறி ஆடை கட்டும்வரை வாதாடுவார்கள். அதில் ஒருவர்கூட பந்துக்குக் காற்றடித்தவரில்லை.

ஒரு ஞாயிறு அவர் நிஜமாகவே வந்தார். மூன்றரைக்கு வரவேண்டிய ரயில் நாலரைக்கு வந்தது. ஸ்டேஷனில் தெருவே நின்றது. கோல்கீப்பர் காதர் மல்லிகை மாலை போட்டான்.

"ஏலே காதரு, நாலு மணிக்கு ஆத்தூர்க்காரங்களோட மேட்ச்சுன்னுதானே எழுதுன? இங்க என்ன பண்றே?"

"ஒங்களக் கூப்பிட டீமே வந்துருச்சு பாய்."

மைதானத்தில் ஆத்தூர்க்காரர்கள் மட்டும் நின்றிருக்கிறார்கள். ஆடாமலேயே தோற்றோம். சுல்தான் பாய் மாலையைக் கழற்றிக் காதர் கழுத்தில் போட்டுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிப் போனார்.

மறுநாள் முன்னறையில் மறுபடி கூட்டம், அவர் திரும்ப வருவாரா என்று.

"அடுத்த மேட்ச் எப்ப?" என்று பேரனிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.