தேவகியின் மூன்றாம் முடிச்சு

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவுக் கிராமமான பசியாவரம் போய் வந்தேன். என் சிநேகிதி தேவகிக்குக் கல்யாணம். பதினான்கு வருடங்களுக்கு முன்பு, எச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் போன இடத்தில் பழக்கமானவள். அப்போது அவள் எடை முப்பத்திரண்டு கிலோ. கணவர் அதே நோயில் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. (எனக்கும் அதே மாத்திரைதான். இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும்.)

சென்ட்ரலில் காலை 5.40க்கு லோக்கல் ரயில். பொன்னேரிக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். திருப்பாலைவனம் வரை வயல், பிறகு உப்புக்காற்று. 7.50க்குப் படகுத்துறையில் இருந்தேன்.

"கல்யாணத்துக்கா? ஏறும்மா" என்ற படகுக்காரர், பாதி ஏரியில் குரலைத் தாழ்த்தினார். "மாப்ளயோட அக்கா வருமோ, இன்னாவோ."

மாப்பிள்ளை ஏழுமலையும் படகுக்காரர்தான். வயது ஐம்பத்தொன்று, நோய் இல்லாதவர். அவர் பெண் கேட்டபோது தேவகி முதலில் சொன்னது தன் நோயைத்தான். இருவரும் டாக்டரிடம் போனார்கள். அவள் ரத்தத்தில் வைரஸ் சோதனைக்கே சிக்காத அளவுக்குக் குறைந்திருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டு இப்படியே வைத்திருந்தால் தாம்பத்தியத்தில் பரவாது என்று டாக்டர் விளக்கினார். ஏழுமலைக்கு அது போதும். அக்கா கன்னியம்மாவுக்குப் போதவில்லை. "அவ கையால சோறு துன்னா என் வாசப்படி ஏறாத" என்றுவிட்டாராம்.

கோயிலில் ஒன்பதரைக்கு எல்லாம் தயார். தாலியின் மூன்றாம் முடிச்சை நாத்தனார் போடவேண்டும். ஐயர் அவசரப்படுத்தினார். ஏழுமலை அக்கா வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவகி தலை குனிந்தபடி, "நீயே கட்டிடுய்யா" என்றாள்.

அப்போதுதான் பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, சேற்றில் இறங்கி விறுவிறுவென்று வந்தார் கன்னியம்மா.

"ஆஸ்பத்திரிக்கு நானே போய்ட்டு வந்தேன். யார் பேரையும் சொல்லல, பொதுவா கேட்டேன். மாத்திர ஒழுங்கா துன்னா ஒட்டாதாம். கூட உக்காந்து சோறு துன்னாலும் ஒட்டாதாம். நவுருங்க!"

மூன்றாம் முடிச்சை அவர் இறுக்கியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பந்தியில் தேவகி குழம்பு ஊற்றினாள். "இன்னும் ஊத்துடீ" என்று இலையைக் காட்டினார் கன்னியம்மா. தேவகிக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

போகிறவர்களுக்கு: சாயங்காலம் ஐந்துக்குள் திரும்பும் படகைப் பிடித்துவிடுங்கள். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். எங்களைப் போன்றவர்கள் இரண்டு நாள் மாத்திரையைக் கூடுதலாக, கைப்பையிலேயே வைத்திருங்கள்.

பெயரை மாற்றி எழுதட்டுமா என்று தேவகியிடம் கேட்டேன். "இன்னாத்துக்கு? எம் பேரையே போடு. படிக்கிறவங்க மாத்திரைய வுடாம இருக்கட்டும்" என்றாள். இப்போது ஐம்பத்தெட்டு கிலோ இருக்கிறாள். இறால் பிடிக்கக் குனிந்தால் மட்டும் முழங்கால் வலிக்கிறதாம். "நாப்பத்தொம்போது ஆச்சில்ல, வயசாவுது" என்றாள். தனக்கு வயதாவதை இத்தனை பெருமையாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை.