கேஸ் மாத்திரை

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை கேஸ் மாத்திரை என்று நினைத்தவள் நான்தான். "தெரியாம நடந்ததுதானே, விடு" என்று யாராவது சமாதானம் சொன்னால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டியதுதானே, வாய் எங்கே போயிற்று?

எங்கள் பக்கம் எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் சீட்டின் கடைசி வரியில் ஒரு கேஸ் மாத்திரை இருக்கும். பல்வலிக்கும் உண்டு, முட்டிவலிக்கும் உண்டு. மற்ற மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிவிடக் கூடாது என்று எழுதித் தருகிறார்கள். நாங்களும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிவருவோம், ஆனால் சாப்பிட மாட்டோம். எங்கள் ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவில் பிரிக்காத அட்டைகளாக அவை எப்போதும் கிடக்கும்.

தம்பிக்கு இருபத்தேழு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். அப்பா அம்மா போன பிறகு நானும் அவனும் மட்டும் கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். ஒருநாள் வேலை முடிந்து வந்தவன், மெஷின் தன்னைத் திட்டுகிறது என்றான். நான் சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் திட்டியதை அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் அது திட்ட ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால், "உனக்கெல்லாம் இன்னாத்துக்குடா சோறு, செத்துப்போ" என்று காதருகே சொல்கிறதாம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

ஒருவழியாக அவனை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு இரண்டு மாத்திரைகள் எழுதினார். "இந்தப் பெருசு பழைய வகை மாத்திரைதாம்மா. ஆனா அந்தக் குரலைக் கொஞ்சம் கொஞ்சமா அடக்கும். ரெண்டையும் விடாமக் குடுங்க. ஏதாவது வித்தியாசமா இருந்தா உடனே வாங்க" என்றார். 'ரெண்டையும்' என்று அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. இல்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தேன். இரண்டு அட்டைகள். சீட்டின் கடைசி வரியில் இருந்தது சின்ன மாத்திரை. "ஊட்டு சோறு துன்றவனுக்கு இன்னாத்துக்குடா கேஸ் மாத்திரை?" என்றேன். அவனும் "ஆமாக்கா" என்றான். அந்த அட்டை நேராக பிஸ்கட் டப்பாவுக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் காலை அவன் சமையலறை வாசலில் வந்து நின்று, "அக்கா, அது தூரமா போய்டுச்சுக்கா. இன்னா சொல்லுதுன்னே சரியா கேக்கல" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். அரைத் தட்டு சாப்பிட்டிருப்பான், எழுந்துவிட்டான். கூடத்திலிருந்து படிக்கட்டுக்கும் படிக்கட்டிலிருந்து கூடத்துக்குமாக நடந்தான். உட்காரச் சொன்னால் உட்காருவான், உடனே தொடை ஆடும், எழுந்துவிடுவான்.

"ஒரு எடத்துல குந்தேன்டா! பார்க்கவே தலை சுத்துது!" என்று கத்தினேன்.

"முடியலக்கா. உள்ளுக்குள்ள யாரோ புடிச்சித் தள்ற மாரி கீது. கால் நிக்க மாட்டேங்குது."

நோய் ஏறுகிறது என்று நானே முடிவு கட்டினேன். டாக்டருக்கு ஒரு போன் போட்டேனா? இல்லை. மறுநாள் பெரிய மாத்திரையோடு இன்னொரு பாதியை உடைத்துச் சேர்த்துக் கொடுத்தேன். பெரிய டாக்டர் நான்!

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கழுத்து இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. நான் பார்க்கப் பார்க்க முகம் தோளுக்குப் பின்னால் திரும்பியது. தாடை ஒருபக்கம் கோணி, நாக்கு தடித்து வெளியே வந்தது. கண்மணி இரண்டும் மேலே சொருகி வெள்ளை மட்டும் தெரிந்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, அதில் வார்த்தை ஒன்றும் இல்லை. கழுத்தைப் பிடித்துத் திருப்பப் பார்த்தேன். இரும்புக் கம்பி மாதிரி இருந்தது.

நான் போட்ட கூச்சலில் கீழ் வீட்டு ஓனரம்மா ஓடி வந்தார். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயய்யோ, ஆத்தா எறங்கிக் கீறாம்மா! கத்தாத, கேளு, இன்னா வோணும்னு கேளு!" என்று கீழே ஓடி வேப்பிலையும் கற்பூரமுமாகத் திரும்பி வந்தார். என் தம்பியின் வாயோரம் எச்சில் வழிகிறது, முன்னால் கற்பூரம் எரிகிறது, "சொல்லு தாயீ, இன்னா கொறை வெச்சோம்?" என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார். நான் நடுக்கூடத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது. "இப்டி கெடக்கறதுக்கு நீ செத்துப்போடா! செத்துத் தொலை!"

கண் சொருகிவிட்டது, இனி அவனுக்கு நினைவு இல்லை, காது கேட்காது என்று நினைத்துத்தான் சொன்னேன். பயம், ஆத்திரம், எல்லாம் சேர்ந்துதான் சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான்.

ஓனரம்மாவை விலக்கிவிட்டு, மாத்திரைக் கவரைத் தேடியெடுத்துக்கொண்டு, அவனை ஆட்டோவில் ஏற்றி அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனேன். டியூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். அவர் பதறவே இல்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"மனசுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

கவரைக் கொடுத்தேன். உள்ளே இருந்த சீட்டைப் படித்தார். "இதோட இன்னொரு சின்ன மாத்திரை எழுதியிருக்காங்களே, அதைக் குடுக்கறீங்களா?"

"கேஸ் மாத்திரைதானே சார்? அவனுக்கு வயித்துல ஒண்ணும் பிரச்சினை இல்லியே…"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இது கேஸ் மாத்திரை இல்லம்மா. பெரிய மாத்திரையால கழுத்து, கண்ணு, நாக்கெல்லாம் இப்படி இழுத்துக்காம இருக்கத்தான் இது. கூட கொஞ்ச நாளா நிக்காம நடந்தாரா?"

"நடந்தான் சார். நோய் ஏறுதுன்னு நெனச்சி, நான் பாதி மாத்திரை சேர்த்துக் குடுத்தேன்."

"அதுவும் அந்த மாத்திரை பண்ற வேலைதான்." ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பயப்படாதீங்க, சரியாயிடும். இது வலிப்பு இல்ல. அவருக்கு நினைவு முழுசா இருக்கு. நாம பேசறது எல்லாம் அவருக்குக் கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்திலிருந்த கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஊசி போட்டு இருபது நிமிஷத்தில் கண் இறங்கியது. பிறகு நாக்கு உள்ளே போயிற்று. கடைசியில் கழுத்து மெல்லத் திரும்பி நேராக நின்றது. என் தம்பியின் முகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஊசி மயக்கத்தில் அன்று முழுக்கத் தூங்கினான். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன.

மறுநாள் காலை முதல் ஆளாக அந்த டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன், என் வாயிலிருந்து வந்ததை மட்டும் விட்டுவிட்டு. அவர் திட்டவில்லை. "நானும் இன்னும் வெவரமா சொல்லியிருக்கணும்" என்றார். அதைக் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்கும்மா. ஒரு பக்கம் அது எக்கச்சக்கமா வேலை செஞ்சா, இல்லாத குரல் கேக்கும். இந்த மாத்திரை போய் அதை அடைக்குது. ஆனா கை கால் ஒழுங்கா அசையறதுக்கும் அதே டோபமைன்தான் வேணும். ஒரு வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு தெரு வால்வையே மூடினா எல்லா வீட்டுலயும் தண்ணி நிக்கும்ல, அந்த மாதிரி. அதான் கழுத்து இழுக்கறது, நிக்க முடியாம நடக்கறது, கை நடுக்கம், முகம் அசையாமப் போறது எல்லாம். சில பேருக்கு மார்ல பால்கூட சுரக்கும், ஆம்பளைங்களுக்கும். வருஷக்கணக்கா சாப்பிட்டா வாய் தானா மென்னுக்கிட்டே இருக்கறதும் உண்டு. எல்லாருக்கும் வராது. வந்தா அளவைக் குறைக்கலாம், வேற மாத்திரைக்கு மாத்தலாம். நீங்களா கூட்டறது, நிறுத்தறது மட்டும் கூடவே கூடாது."

ஒரு பொட்டு அளவு மாத்திரைக்குள் இத்தனையா? அதிலா நான் பாதியை உடைத்துச் சேர்த்தேன்?

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "இப்போ குரல் எப்படி இருக்கு? கேக்குதா?"

"கொறஞ்சிடுச்சு மேடம்," என்றான். பிறகு தயங்கினான். "ஆனா நேத்து ஒருவாட்டி கேட்டுச்சு. கழுத்து இழுத்துக்கினு இருந்தப்போ. செத்துப்போன்னு சொல்லுச்சு. நல்லா கிட்டக்க."

"அதே மெஷின் குரலா?"

"இல்ல மேடம். இந்தவாட்டி எங்க அக்கா குரல்ல பேசுச்சு. அதான் ரொம்ப பயந்துட்டேன். எங்க அக்கா அப்டிலாம் சொல்லவே சொல்லாது."

டாக்டரம்மா சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். "குரல் இப்படி மாறுதுன்னா, அளவைக் கொஞ்சம் ஏத்தித்தான் பார்க்கணும்…" என்று பேனாவைத் திறந்தார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அவனுக்கு நான் அப்படிச் சொல்லாத அக்காவாகவே இருந்திருப்பேன். பேனா முனை தாளில் பட்டது. நேற்று இழுத்துக்கொண்ட அவன் கழுத்து என் கண் முன்னால் இருந்தது.

"ஏத்தாதீங்க மேடம்," என்றேன். "அது வேற யாரும் இல்ல. நான்தான் சொன்னேன். என் வாயால நான்தான் சொன்னேன்."

பேனா நின்றது. தம்பி மெதுவாக என் பக்கம் திரும்பினான். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "அப்போ அது வரலியா மேடம்?" என்று கேட்டான்.

"வரல" என்றார் அவர்.

"அப்பாடா!" என்றான் அவன். நிஜமாகவே சிரித்தான். "நான் அதுதான் திரும்ப வந்துடுச்சோன்னு பயந்துட்டேன்கா. நீதானா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.