சித்தப்பா மட்டம் பார்த்த மெஷின்

அன்று சீர்காழிக் கொட்டகையில் நானும் சித்தப்பாவும் சாவி வைத்திருந்த காவலாளியும் இருந்தோம். விற்கிறவர் சிங்கப்பூரில் இருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய பின்பால் மெஷின்களைச் சேர்க்கிறேன். சரிவில் உருண்டு வரும் இரும்புக் குண்டை, பட்டனைத் தட்டி மேலே அடிக்கும் விளையாட்டு அது.

"இந்தப் பொட்டி நெல்லு அரைக்குமா தம்பி?" என்று சித்தப்பா சிரித்தார்.

அங்கே இரண்டு மெஷின்கள் இருந்தன. என் பணம் ஒன்றுக்குத்தான் போதும். முதலாவதன் மேல் எனக்கு ஆசை. வெளியே போய் ஒயர் வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தேன். குண்டு நடுவிலேயே நின்றது. இது உதவாது என்று இரண்டாவதை வாங்கினேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அது புகைந்து நின்றுபோனது. உள்ளே பலகை முழுக்க ஓதம்.

"மொதப் பொட்டியவே எடுத்திருக்கலாம் தம்பி. முன்பக்கம் சாஞ்சு நின்னுச்சேன்னு, நீ வெளிய போனப்ப ஓட்டுச்சில்லு வச்சு நான்தான் மட்டம் பண்ணினேன்," என்றார். ஆயுள் முழுக்க வயலை மட்டம் பண்ணிய மனிதர். சரிவு போனதால்தான் அன்று குண்டு நடுவில் நின்றிருக்கிறது.

உடனே விற்றவருக்குப் போன் செய்தேன். முதல் மெஷின் விற்றுப்போயிருந்தது.

"படிக்காத ஆளக் கூட்டிட்டுப் போனேன் பாருங்க, என்னச் சொல்லணும்," என்றேன் போனில், சித்தப்பா பக்கத்தில் நிற்கும்போதே.

டிராக்டர் ஓட்டி எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியவர் அவர். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மெஷினின் கால்களைக் குனிந்து பார்க்காதவன் நான்தான். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டுப் பக்கம் அவர் வருவதேயில்லை.

மறுவாரம் அம்மா ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். சித்தப்பா கறவை மாடு இரண்டையும் விற்றுவிட்டாராம். உள்ளே மெஷினின் முழு விலையும் இருந்தது: எண்பத்தைந்தாயிரம் ரூபாய்.